14 மாசம் ஆச்சு, என் பொண்ணு என்கிட்ட ஒட்டவே மாட்டேங்கிறா, என்ன பண்றதுன்னு தெரியல

நித்யா_மடிப்பாக்கம்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இன்னிக்கு தான் முதல் தடவையா எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

எங்களுக்கு கல்யாணம் ஆகி 11 வருஷம். குழந்தையை தத்தெடுக்க காராவுல (தத்தெடுப்பை கவனிக்கிற மத்திய அரசு அமைப்பு) ரெஜிஸ்டர் பண்ணி 3 வருஷத்துக்கு மேல காத்திருந்தோம். ஒரு நாள் மத்தியானம் ஆபீஸ்ல இருக்கும்போது போட்டோவும் ரிப்போர்ட்டும் வந்துச்சு, 48 மணி நேரத்துல ரிசர்வ் பண்ணணும், நாங்க டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள பண்ணிட்டோம். ஒடிசாவுல ஒரு இல்லத்துல இருந்த 4 வயசு பொண்ணு. ரிப்போர்ட்ல அமைதியான குழந்தை, அழ மாட்டா, யாரையும் தொந்தரவு பண்ண மாட்டான்னு போட்டிருந்துச்சு. அதை படிச்சு நானும் அவரும் எவ்வளவு சந்தோஷப்பட்டோம் தெரியுமா.

இப்போ அவளுக்கு அஞ்சே கால் வயசு. தமிழ் ஆறே மாசத்துல புடிச்சிட்டா. யூகேஜி மிஸ் இவளை மாதிரி சமத்து கிளாஸ்லயே இல்லைங்கறாங்க. வீட்டுல தான் வேற மாதிரி. போன வாரம் மாடிப்படியில வழுக்கி விழுந்து முட்டி நல்லா சிராய்ச்சு ரத்தம் வந்துச்சு. சத்தமே போடல. நான் ஓடி வர்றதை பாத்துட்டு பாத்ரூம் கதவுக்கு பின்னாடி போய் ஒளிஞ்சு, கவுன் ஓரத்துல எச்சி தொட்டு அவளே துடைச்சிட்டு இருந்தா. நான் கிட்ட போய் தூக்கினதும் அப்படியே கட்டை மாதிரி விறைச்சு போயிட்டா, முகத்தை சுவத்து பக்கம் திருப்பிக்கிட்டா. அஞ்சு வயசு குழந்தை அடி பட்டா அம்மாகிட்ட தானே ஓடி வரும், இவ என்னை பாத்து ஓடுறா.

சாப்பாட்டை ஒளிச்சு வைக்கிறா. பீரோவுக்கு பின்னாடி பூசணம் புடிச்ச இட்லி ஆறு எடுத்தேன், தலகாணி உறைக்குள்ள சப்பாத்தி. ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சு பாத்தா கட்டில்ல உக்காந்து கதவையே பாத்துட்டு இருப்பா. ஒரு நாள் வண்டலூர் ஜூவுக்கு போனோம், நாள் பூரா சிரிச்சிட்டே இருந்தா, எனக்கு உயிரே வந்த மாதிரி இருந்துச்சு. வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் ஆகல, நான் ஆசையா வாங்கி குடுத்த யானை பொம்மையை என் முகத்தை பாத்துக்கிட்டே கத்திரிக்கோலால வெட்டினா.

இன்னொன்னு, அவ என்னை அம்மான்னு கூப்பிடறதில்லை. மௌசின்னு தான் கூப்பிடுவா. இல்லத்துல பாத்துக்கிட்ட ஆயாம்மாக்களை எல்லாம் குழந்தைங்க அப்படி தான் கூப்பிடுவாங்களாம். பகல் ஷிஃப்டுக்கு ஒரு மௌசி, ராத்திரிக்கு ஒரு மௌசி, நடுவுல எத்தனை பேர் வேலையை விட்டு போனாங்களோ. என்னையும் ஒரு ஷிஃப்ட் ஆள்னு தான் நினைச்சிட்டு இருக்காளோன்னு தோணும்.

மாமியார் ரத்த பாசம்னா ரத்த பாசம் தான், ஒட்டாததை ஒட்ட வைக்க முடியாதுன்னு எங்க காது பட சொல்றாங்க. இதை எழுத கூசுது, ஆனா எழுதறேன், முந்தாநாள் நான் அவளை முதுகுல அடிச்சிட்டேன். அவ அழல, நகரல, இது எப்ப வரும்னு தெரிஞ்சு வெச்சிருந்த மாதிரி என்னை பாத்தா. அன்னிக்கு ராத்திரி பாத்ரூம்ல பைப்பை திறந்து விட்டுட்டு அழுதேன்.

ஒரு டாக்டர் அஞ்சு நிமிஷம் பாத்துட்டு ரியாக்டிவ் அட்டாச்மெண்ட் டிஸார்டரா (வளர்க்கறவங்ககிட்ட குழந்தை ஒட்டாம போற பிரச்னை) இருக்கலாம்னு சொன்னார். நெட்ல தேடினா பொய், திருட்டு, பெரியவளானா கொலை கூட பண்ணுவாங்கன்னு என்னென்னமோ வருது. தெரிஞ்சவங்க ஒருத்தங்க குழந்தையை இறுக்கி புடிச்சு, திமிறினாலும் விடாம, கண்ணை பாக்குற வரைக்கும் வெச்சிருந்தா சரியாயிடும், அதுக்கே தெரபி இருக்குன்னு சொல்றாங்க. அதை பண்ணலாமா? அடுத்த மாசம் ஃபாலோ-அப்புக்கு சோஷியல் வொர்க்கர் வர்றாங்க, உண்மையை சொன்னா குழந்தையை எடுத்துக்கிட்டு போயிடுவாங்களோன்னு பயம். இந்த மாதிரி குழந்தையை வளர்த்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, அவ என்னைக்காவது என்கிட்ட வருவாளா?

கொளத்தூர்_செல்வி:

நித்யா மா, முதல்ல நீ சாப்பிட்டியா? உன் போஸ்ட்டை படிச்சிட்டு குக்கர் வெச்சதையே மறந்துட்டேன், 2017ல என் வீட்டுல நடந்ததை யாரோ எழுதின மாதிரி இருந்துச்சு.

என் பையன் 3 வயசுல வந்தான், இப்போ ஏழாவது படிக்கிறான். அப்போ நான் வேலை பாத்த இடத்துல லீவ் கேட்டேன், 3 மாசத்துக்கு கீழ உள்ள குழந்தையை எடுத்தா தான் 12 வாரம், சட்டத்துலயே அப்படி தான் இருக்குன்னுட்டாங்க. வளர்ந்த குழந்தை தான் நாலு இடம் மாறி அடிபட்டு வருது, அதுக்கு தான் அம்மா கூட இருக்கணும், அதுக்கு லீவ் கிடையாதுன்னுட்டாங்க. இன்னும் எனக்கு ஆறல அது. வேலையை விட்டுட்டேன்.

அடிச்சதை பத்தி முதல்ல சொல்றேன். அவகிட்ட போய் மன்னிப்பு கேளு. சின்ன குழந்தைக்கு என்ன புரியும்னு நினைக்காத. அவ உயரத்துக்கு குனிஞ்சு உக்காந்து, "அம்மா அடிச்சது தப்பு, உன் மேல தப்பு இல்ல, இனிமே அடிக்க மாட்டேன்"னு சொல்லு. அவ எங்கயோ பாப்பா, பதில் சொல்ல மாட்டா, பரவால்ல. பெரியவங்க தப்பு பண்ணிட்டு திரும்பி வந்து பேசுறதை அவ பாத்திருக்கவே மாட்டா. சொன்னதுக்கப்புறம் கைய ஓங்கவே கூடாது, அது தான் கஷ்டம், எனக்கும் கஷ்டமா தான் இருந்துச்சு. கோவம் தலைக்கு ஏறும்போது நான் பால்கனிக்கு போய் துளசிக்கு தண்ணி ஊத்துவேன், அந்த செடி ஈரத்துலயே அழுகி போச்சு, இன்னொன்னு வாங்கி வெச்சேன்.

சாப்பாடு ஒளிக்கிறதை திருட்டுன்னு யார் சொன்னாலும் காதுல வாங்காத. அது பயம். அடுத்த வேளை வருமா வராதான்னு தெரியாம வளர்ந்த வயிறு அது. நான் அவன் கைக்கு எட்டுற மாதிரி கீழ் ஷெல்ஃப்ல ஒரு டப்பா வெச்சேன், முறுக்கு, பொட்டுக்கடலை, பிஸ்கட், ஒரு வாழைப்பழம். இது உன்னுது, கேக்காமலே எப்ப வேணா எடுக்கலாம், காலியானா நான் ரொப்புவேன்னு சொன்னேன். முதல் வாரம் ஒரே நாள்ல மொத்தத்தையும் காலி பண்ணி ஒளிச்சு வெச்சான். நான் திரும்ப ரொப்பினேன். மறுநாளும். எத்தனை நாள்னு கணக்கு வெச்சுக்கல, ஒரு நாள் சாயங்காலம் பாத்தா டப்பாவுல பாதி அப்படியே இருந்துச்சு. அந்த பாதி டப்பாவை பாத்துட்டு நான் சமையல்கட்டுல உக்காந்து அழுதேன் மா.

கட்டிப்பிடிக்காத. உனக்கு ஆசையா இருக்கும், தெரியும். அவ உடம்புக்கு அது பாசமா தெரியாது, யாரோ புடிச்சு அமுக்குற மாதிரி இருக்கும். நம்ம வீட்டுல தொடுறதுக்கு வேற வழி எவ்வளவோ இருக்கு. சாதத்தை பிசைஞ்சு உருட்டி கையில குடுக்குறது இருக்குல்ல, அதை ஆரம்பி. ஊட்டி விட போகாத, கையில மட்டும் வை. எங்க மாமனார், நான், பையன் மூணு பேரும் தரையில வட்டமா உக்காருவோம், வத்தக்குழம்பு சாதம், சுட்ட அப்பளம். எல்லாருக்கும் ஒவ்வொரு உருண்டை, அவனுக்குன்னு தனியா எதுவும் இல்ல. மொதல்ல வாங்கி தட்டுல வெச்சிட்டு அப்புறமா எடுத்து தின்பான். அப்புறம் நேரா கையிலிருந்து வாயில போட்டான். கிட்டத்தட்ட ஒன்றரை வருஷம் கழிச்சு ஒரு நாள், கை ரெண்டுலயும் ஏதோ பொம்மை வெச்சிருந்தான் போல, என் முன்னாடி வந்து வாயை தொறந்துட்டு நின்னான். நான் ஒண்ணும் சொல்லல, ஆச்சரியமும் காட்டல, உருட்டி வாயில வெச்சேன். அதை பெரிசு பண்ணியிருந்தா அன்னிக்கோட நிறுத்தியிருப்பான்.

எண்ணெய் தேய்க்கிறதும் அப்படி தான். உனக்கு பொண்ணு, செவ்வாய் வெள்ளி வெச்சுக்கோ. மொதல்ல உள்ளங்கை மட்டும், இல்லேன்னா எண்ணெய் கிண்ணத்தை அவகிட்ட குடுத்து உன் கைக்கு தேய்க்க சொல்லு. தலைக்கு போறதுக்கு மாசக்கணக்கு ஆகட்டுமே.

ஜூவுக்கு போய் வந்த அன்னிக்கு பொம்மையை வெட்டினா பாரு, அது எங்க வீட்டுலயும் நடக்கும். நல்லா இருந்த நாள் தான் அவங்களுக்கு ரொம்ப பயம், இதுவும் போயிடும்னு பயந்து தானே முதல்ல உடைச்சிடுவாங்க. நாங்க பெரிய அவுட்டிங்கை எல்லாம் நிறுத்திட்டு சாயங்காலம் தெருமுனை வரைக்கும் நடந்து போய் பால் பாக்கெட் வாங்கிட்டு வருவோம். தினம் அதே கடை, அதே தெரு. அந்த மாதிரி சின்ன சந்தோஷம் தான் அவனுக்கு தாங்கிச்சு.

மாமியார் பேச்சுக்கு உன் வீட்டுக்காரர் தான் பதில் சொல்லணும், நீ இல்ல.

அப்பா_அண்ணாநகர்:

சிஸ்டர், ஒரு அப்பாவா ரெண்டு விஷயம். எங்க பொண்ணு உங்க பொண்ணுக்கு நேர் எதிர், யார் கூப்பிட்டாலும் போயிடுவா. அவளுக்கு அஞ்சு வயசு இருக்கும்போது பெசன்ட் நகர் பீச்ல சுண்டல் வாங்க திரும்பின நேரத்துல முன்ன பின்ன தெரியாத ஒரு குடும்பத்தோட கையை புடிச்சிட்டு நடந்து போயிட்டா, திரும்பி கூட பாக்கல. எல்லாரும் எவ்வளவு சோஷியலா இருக்கா பாருன்னு கன்னத்தை கிள்ளுவாங்க, எங்களுக்கு தான் தெரியும் அடிவயிறு எப்படி கலங்கும்னு.

ரெண்டாவது, எங்க வீட்டுல கோவம் எல்லாம் என் மனைவி மேல தான் வந்துச்சு, என்கிட்ட ஓரளவு நல்லா இருந்தா. அதனால நான் ஒரு வருஷம் வரைக்கும் மனைவி தான் ஏதோ தப்பா ஹேண்டில் பண்றான்னு நினைச்சிட்டேன், வாய் விட்டும் சொல்லிட்டேன். அது நான் பண்ண பெரிய தப்பு. இந்த குழந்தைங்களுக்கு அம்மாங்கிற இடம் தான் ஏற்கனவே காயம் பட்ட இடம், அதனால அங்க யார் வந்து நின்னாலும் தள்ளுவாங்க. உங்க கணவரை இந்த த்ரெட்டை படிக்க சொல்லுங்க. வாரத்துல ரெண்டு சாயங்காலமாவது உங்களை வெளிய அனுப்பிட்டு அவர் வீட்டை பாத்துக்கணும். நீங்க போகும்போது சொல்லிட்டு போங்க, சொன்ன நேரத்துக்கு வந்துடுங்க.

ரேவதி_சைக்காலஜி:

நித்யா, நான் குழந்தைகள் மனநலத்துல தான் வேலை பாக்கறேன். நேர்ல பாக்காம உங்க குழந்தைக்கு என்னன்னு நான் சொல்ல கூடாது, பொதுவா தெரிஞ்சதை சொல்றேன்.

அவசரமான கேள்விக்கு முதல்ல பதில். இறுக்கி புடிக்கிற தெரபி வேண்டவே வேண்டாம். 2000ல அமெரிக்காவுல, கொலராடோவுல, தத்தெடுத்த 10 வயசு பொண்ணுக்கு அட்டாச்மெண்ட் சிகிச்சைன்னு சொல்லி போர்வையில சுருட்டி பெரியவங்க மேல அழுத்தி, அந்த குழந்தை மூச்சு திணறி இறந்தே போச்சு. மூச்சு விட முடியலன்னு அது சொல்ல சொல்ல விடல. சிகிச்சை குடுத்தவங்க ஜெயிலுக்கு போனாங்க. குழந்தையை பலவந்தமா புடிச்சு வெச்சு கண்ணை பாக்க வைக்கிற எதையும் குழந்தை மனநல டாக்டர்கள் சங்கங்கள் ஏத்துக்கறதில்லை. யார் நல்லதுன்னு சொன்னாலும் பண்ணாதீங்க.

நெட்ல வர்ற பொய், திருட்டு, கொடூரம்ங்கிற லிஸ்ட்டுக்கும் இந்த டயக்னோஸிஸுக்கும் சம்பந்தம் இல்லை. ஆர்ஏடின்னு, அதாவது உங்க டாக்டர் சொன்ன ரியாக்டிவ் அட்டாச்மெண்ட் டிஸார்டர்னு, சொல்றதுக்கு முக்கியமான அடையாளமே, மனசு கலங்கி இருக்கும்போதும் குழந்தை பெரியவங்ககிட்ட ஆறுதல் தேடாது, நாம போய் குடுத்தாலும் எடுத்துக்காது. நீங்க சொன்ன அந்த முட்டி சிராய்ப்பு, கதவுக்கு பின்னாடி எச்சி தொட்டு துடைச்சது, அதை அப்படியே டாக்டர்கிட்ட சொல்லுங்க, அது தான் பொம்மையை வெட்டினதை விட முக்கியமான தகவல். சிரிப்பு கம்மி, காரணமே இல்லாம பயம், எரிச்சல், சோகம், இதெல்லாமும் பாப்பாங்க. சின்ன வயசுல கவனிப்பே கிடைக்காம போனது, இல்ல பாத்துக்கறவங்க மாறிக்கிட்டே இருந்தது, இல்ல ஒரு ஆயாம்மாவுக்கு ஏகப்பட்ட குழந்தைங்கன்னு இருந்த இடத்துல வளர்ந்தது, இதுல ஏதாவது இருந்திருக்கணும். 5 வயசுக்கு முன்னாடியே இது தெரிஞ்சிருக்கணும். ஆட்டிசம் இருந்தா இந்த பேரை வெக்க மாட்டாங்க, அதனால அதை முதல்ல பாக்கணும், காது கேக்குதான்னும் டெஸ்ட் பண்ணணும். அஞ்சு நிமிஷத்துல சொல்ற விஷயமே இல்லை இது.

அண்ணாநகர் சார் சொன்னது வேற பிரச்னை. முன்னாடி ரெண்டையும் ஒரே பேர்ல ரெண்டு வகைன்னு வெச்சிருந்தாங்க, மனநல பிரச்னைகளை வகைப்படுத்துற அமெரிக்க கையேடு, 2013ல வந்த டிஎஸ்எம்-5ல தனித்தனியா பிரிச்சுட்டாங்க. யார்கிட்ட வேணா போறதுக்கு டிஸ்இன்ஹிபிட்டட் சோஷியல் எங்கேஜ்மெண்ட் டிஸார்டர்னு பேரு.

அழவே மாட்டா, தொந்தரவு பண்ண மாட்டான்னு ரிப்போர்ட்ல இருந்துச்சுன்னு எழுதியிருந்தீங்க. அழுதும் யாரும் வரலைன்னா ஒரு கட்டத்துல குழந்தை அழறதை விட்டுடும். நாம அதை சமத்துன்னு எழுதிடறோம்.

இதுக்குன்னு மாத்திரை கிடையாது. தூக்கமின்மை மாதிரி கூட வர்றதுக்கு டாக்டர் ஏதாவது குடுக்கலாம். மத்தபடி சிகிச்சைங்கிறது குழந்தையை தனியா ரூமுக்குள்ள கூப்பிட்டு சரி பண்றது இல்லை, அம்மா அப்பாவையும் குழந்தையையும் சேத்து உக்கார வெச்சு, குழந்தை காட்டுற சின்ன சின்ன சைகையை நீங்க எப்படி படிக்கிறீங்கன்னு சொல்லி தர்றது தான். ருமேனியாவுல 2000ல ஒரு ஆராய்ச்சி ஆரம்பிச்சாங்க, புக்கரெஸ்ட்ல ஆசிரமங்கள்ல இருந்த 136 குழந்தைங்க, பாதி பேரை குலுக்கல் மாதிரி தேர்ந்தெடுத்து குடும்பங்கள்ல வளர்க்க குடுத்தாங்க. குடும்பத்துக்கு போனவங்ககிட்ட இந்த ஒட்டாத தன்மை நல்லாவே குறைஞ்சுச்சு. யார்கிட்ட வேணா போற குணம் தான் அவ்வளவு சுலபமா போகல. உங்க பொண்ணு விஷயத்துல முக்கியமான மருந்து ஏற்கனவே அவளுக்கு கிடைச்சாச்சு, ஒரு வீடு. கூட வழி காட்ட ஆள் வேணும், அவ்வளவு தான்.

சென்னையில எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி, கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை ரெண்டுலயும் குழந்தைகளுக்கு பாக்கறாங்க. பெங்களூரு போக முடிஞ்சா நிம்ஹான்ஸ்ங்கிற மத்திய அரசு மனநல மருத்துவமனையில குழந்தைகள், வளரிளம் பருவத்தினருக்குன்னே தனி துறை இருக்கு. உங்களுக்கே மனசு ரொம்ப தாங்கலைன்னா 14416க்கு போன் பண்ணுங்க, டெலி-மானஸ்ங்கிற அரசு மனநல உதவி எண், தமிழ்ல பேசலாம், காசு கிடையாது. பைப்பை திறந்துட்டு அழறேன்னு சொன்னீங்களே, அதுக்காக தான் சொல்றேன்.

சோஷியல் வொர்க்கர்கிட்ட மறைக்காதீங்க. 2 வருஷத்துக்கு 6 மாசத்துக்கு ஒரு தடவை வர்றதே இதுக்காக தான், ஒத்துப்போறதுல பிரச்னை இருந்தா கவுன்சிலிங் ஏற்பாடு பண்ணி குடுக்கணும்னு தத்தெடுப்பு விதிமுறையிலயே இருக்கு. கலெக்டர் ஆர்டர் வந்துடுச்சுன்னா அவ சட்டப்படி நீங்க பெத்த பொண்ணு மாதிரி தான். ஒட்டலைன்னு சொன்னதுக்காக யாரும் வந்து தூக்கிட்டு போக மாட்டாங்க.

பேர்_வேண்டாம்:

நான் இங்க எழுதறதே இல்லை, இதை படிச்சிட்டு தூக்கம் வரல. எனக்கு 24 வயசு. 6 வயசுல எங்க வீட்டுக்கு வந்தேன், அதுக்கு முன்னாடி ரெண்டு இல்லம், நடுவுல ஒரு குடும்பம் கூட்டிட்டு போய் திருப்பி விட்டாங்க.

வீட்டுக்கு வந்த முதல் நாளே ஒரு துணிக்கடை கட்டைப்பையில ரெண்டு கவுன், ஒரு ஜட்டி, ஒரு சீப்பு எல்லாம் போட்டு கட்டிலுக்கு கீழ வெச்சிக்கிட்டேன். திரும்ப கிளம்ப சொன்னா ரெடியா இருக்கணும்ல. அம்மா பெருக்கும்போது பாத்துட்டாங்க. எதுவும் கேக்கல, பிரிக்கவும் இல்லை, பெருக்கிட்டு இருந்த இடத்துலயே திரும்ப வெச்சாங்க. கொஞ்ச நாள் கழிச்சு பாத்தா உள்ள இருந்த துணி எல்லாம் துவைச்சு மடிச்சு இருந்துச்சு. அப்புறம் நான் வளர வளர கவுனை எடுத்துட்டு என் அளவுக்கு சரியா இருக்கிற சுடிதாரை அதுல வெச்சாங்க. ஒன்பதாவது படிக்கிற வரைக்கும் அந்த பை கட்டிலுக்கு கீழ தான் இருந்துச்சு, நாங்க ரெண்டு பேரும் அதை பத்தி ஒரு வார்த்தை பேசினதில்லை.

ஆன்ட்டி, நான் எங்க அம்மாவை ரொம்ப படுத்தினேன். அப்போ எனக்கு அவங்களை பிடிக்காம இல்ல. பிடிச்சிடுமோன்னு தான் பயமா இருந்துச்சு. உங்க பொண்ணு ராத்திரி கதவை பாத்துட்டு உக்காந்திருந்தா தூங்குன்னு சொல்லாதீங்க. எங்க அம்மா வாசப்படி பக்கத்துல பாயை போட்டு படுத்துக்குவாங்க, என்னை பாக்க கூட மாட்டாங்க, சும்மா அங்க படுத்திருப்பாங்க. யார் வந்தாலும் போனாலும் அவங்களை தாண்டி தான் போகணும். அப்புறம் தான் எனக்கு தூக்கம் வர ஆரம்பிச்சுச்சு.

மௌசின்னு கூப்பிட்டா கூப்பிடட்டும், திருத்தாதீங்க. அவளுக்கு அதுவரைக்கும் சோறு போட்ட பேரு அது.

நித்யா_மடிப்பாக்கம்:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. பேர் வேண்டாம் தங்கச்சி, நீ எழுதினதை அவர்கிட்ட படிச்சு காட்டினேன், அவர் எழுந்து வெளிய போயிட்டார், கொஞ்ச நேரம் கழிச்சு தான் வந்தார்.

பத்து நாள்ல நடந்ததை சொல்றேன். மன்னிப்பு கேட்டேன். அவ ஷூ லேஸையே பாத்துட்டு இருந்தா, முடிச்சதும் "சரி"ன்னு மட்டும் சொன்னா. எழும்பூர்ல காட்ட போறோம், காது டெஸ்ட் நார்மல்னு வந்துடுச்சு. மாமியார்கிட்ட அவர் பேசினார், என்ன பேசினார்னு நான் கேக்கல, ரெண்டு நாளா அவங்க குழந்தை முன்னாடி அந்த பேச்சை எடுக்கல. ராத்திரி வாசல் பக்கம் பாயை போட்டு படுக்கறேன். முதல் மூணு நாள் உக்காந்தே தான் இருந்தா. நேத்து எழுந்து வந்து என் போர்வை நுனியை இழுத்து பாத்துட்டு திரும்ப போய் படுத்துட்டா.

செல்வி அக்கா, டப்பா வெச்சேன், நீங்க சொன்ன மாதிரியே முதல் நாளே மொத்தமும் காணோம், திரும்ப ரொப்பினேன். ஒரே பிரச்னை, கீழ் ஷெல்ஃப்ல எறும்பு வந்துடுது. நீங்க என்ன பண்ணீங்க?

கொளத்தூர்_செல்வி:

இறுக்கமா மூடுற சம்படம் வெக்காத மா, குழந்தையால திறக்க முடியாது, பூட்டி வெச்சிருக்காங்கன்னு நினைச்சிடுவா. லேசா திறக்கிற பிளாஸ்டிக் டப்பாவே போதும். அகலமா ஒரு தட்டுல கொஞ்சம் தண்ணி ஊத்தி, நடுவுல ஒரு கிண்ணத்தை கவுத்து போட்டு அதுக்கு மேல டப்பாவை வை, எறும்பு ஏறாது. தண்ணியை மட்டும் தினம் மாத்திடு, கொசு வரும். வெல்லம் போட்டது எதுவும் இப்போதைக்கு வேண்டாம், முறுக்கும் பொட்டுக்கடலையும் வை.